நாலு சென்டிமீட்டர்

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கொடுத்த படிவத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் படிவத்தையும் வேறு ஒருவர் நிரப்பியது கிடையாது. ஹைகோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். பிரமாணப் பத்திரத்தில் ஒரு தேதி பிசகியிருந்தாலும் வக்கீல் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பெயர் மாளவிகா, வயது இருபத்தேழு, கணவர் பெயர் அச்யுத், வீடு கோட்டூர்புரம், இருபதாவது வாரம். ‘இதற்கு முன் கர்ப்பம் உண்டா’ என்ற வரி வந்தது. பேனா நிற்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதினேன்.

என் பெண் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதியதைப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள்.

“தண்ணியைக் குடி,” என்றேன்.

1997, ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. அடையாறில் அந்த ஸ்கேன் சென்டர் திறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மாளுவுக்கு அந்தப் பக்கம் அவள் மாமியார் தர்மாம்பாள் மாமி. மடியில் பை, பைக்குள் ஃபிளாஸ்க்கு, ஃபிளாஸ்க்கின் மேல் ஒரு கை. மருமகளை எங்கேயும் தனியாக அனுப்பாத மனுஷி.

“ஆத்துல லாரித் தண்ணி வந்து மூணு நாளாச்சு, மாமா. சொம்பை எண்ணி எண்ணிக் குளிக்கறோம். இங்க என்னடான்னா ஒரு லிட்டரைக் குடிச்சுட்டு அடக்கிண்டு இருங்கறா,” என்றாள் மாமி.

“வயிறு முட்டத் தண்ணி இருந்தாத்தான் மேலேர்ந்து பார்க்கறப்போ படம் நன்னாத் தெரியுமாம்,” என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னதுதான். படம் தெரியாவிட்டால் வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் பாட்டில் காலியானதும் மாமியின் ஃபிளாஸ்க்கிலிருந்து இன்னும் ஒரு டம்ளர் ஊற்றி மாளுவிடம் நீட்டினேன். முடியவில்லை என்றாள். குடி என்றேன். குடித்தாள்.

டாக்டர் கைசர் ஜஹானுக்கு நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் இரண்டு வருஷம் ஸ்கேன் படித்துவிட்டு வந்த பெண்மணி என்று சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். மாளு படுக்கையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

“குழந்தை நல்லா இருக்கு சார். இதயம், முதுகு, கை, கால் எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணு மட்டும். கர்ப்பப்பை வாய் மேலேர்ந்து பார்த்தா நாலு சென்டிமீட்டர் நீளம் வருது. நல்ல அளவுதான். ஆனா இவங்களுக்கு பிளாடர் ரொம்ப நிறைஞ்சு கிடக்கு. அது அழுத்தினா வாய் இருக்கறதைவிட நீளமாத் தெரியும். பாத்ரூம் போயிட்டு வரட்டும், உள்ளேர்ந்து ஒரு தடவை அளந்துடறேன். ரெண்டு நிமிஷம்.”

“உள்ளேர்ந்துன்னா?” என்றாள் மாமி.

டாக்டர் மெஷினில் மாட்டியிருந்த மெல்லிய கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாம்மா. முதல் பிரசவம். அதைப் போட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?”

“குழந்தைகிட்டயே போகாதும்மா. வாயோட நீளம் குறைஞ்சுக்கிட்டே வந்தா பிரசவம் முன்னாடியே ஆயிடும். அதை இப்போ அளந்தே சொல்ல முடியுது. கையால பார்த்தா தெரியாது, மேலேர்ந்து பார்த்தாலும் சரியாத் தெரியாது.”

“எங்க ஆத்துல அதெல்லாம் வழக்கமில்லை டாக்டர்,” என்றேன். “நாலு வந்துடுத்தே, அது போதும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. “கட்டாயம் இல்லை சார். எல்லாருக்கும் இப்படிப் பார்க்கறதும் இல்லை. முன்னாடி அஞ்சு மாசத்துலயோ ஆறு மாசத்துலயோ ஒண்ணு நழுவிப் போயிருந்தா மட்டும் நான் விடவே மாட்டேன்.” பிறகு படுக்கைப் பக்கம் திரும்பினார். “உனக்கு இது முதல்தானேம்மா?”

மாளு மேலே விட்டத்தைப் பார்த்தாள். மாமி மருமகளின் காலடியில் நின்றுகொண்டிருந்தாள்.

“முதல்,” என்றேன் நான்.

ரிப்போர்ட்டில் நாலு சென்டிமீட்டர் என்று அடித்துக் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் கோட்டூர்புரத்தில் இறக்கிவிட்டு, மயிலாப்பூருக்குத் திரும்பினேன். வழியெல்லாம் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது மறைக்க ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். மாளுவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணம் நாக்பூரில் ஒரு பையனோடு. அது சரிப்படவில்லை. அதில் எங்கள் பக்கம் தவறு எதுவும் இல்லை. பிரிந்ததையும் நாங்கள் மறைக்கவில்லை. மறைத்தது வேறு. 1992இல் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்து, “அம்மா, ஏதோ இறங்கற மாதிரி இருக்கு,” என்றாள். வலி இல்லை. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னேன். விவாகரத்து ஆனபோது அந்தக் காமாலையும் மறந்துபோயிற்று.

அச்யுத்தின் ஜாதகம் வந்தபோது அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “சேர்ந்து எவ்வளவு நாள் இருந்தா?” என்றாள் தர்மாம்பாள் மாமி. “நாலு மாசம். அதுவும் பேருக்குத்தான். வேற ஒண்ணும் கிடையாது,” என்றேன்.

அன்றைக்கு மாளு என்னிடம் வந்து, “அவர்கிட்ட மட்டுமாவது சொல்லிடணும்பா,” என்றாள். சொன்னால் இந்தக் கல்யாணம் நடக்காது என்றேன். “நடக்கலைன்னா நடக்கலை,” என்றாள். என் மனைவி கோமளம் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பேச்சை முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் முடித்த பேச்சை யாரும் மறுபடி எடுப்பதில்லை. அதைத்தான் அந்தக் காலத்தில் நான் மரியாதை என்று நினைத்தேன்.

ஸ்கேன் ஆன கையோடு சீமந்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. ஆடி பிறப்பதற்குள் செய்துவிட வேண்டும். ஆனி இருபத்தேழு கிடைத்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மண்டபம் பேசினோம். அறுபத்திரண்டு வீடுகளுக்கு நானும் கோமளமும் நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தோம். சீமந்தம் முதல் கர்ப்பத்துக்குச் செய்கிற சடங்கு. செய்துவைக்கிற வாத்தியார் போனில், “முதல்தானே அண்ணா?” என்று வழக்கப்படி கேட்டார். “ஆமாம்,” என்றேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

சீமந்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் மாளு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊஞ்சலில் உட்காராமல் கட்டிலில் போய் ஒருக்களித்துப் படுத்தாள். நான் மண்டபத்துக்காரனுக்கு வாழைக்கட்டு பற்றிச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

“அப்பா, கீழே கனமா இருக்கு. ரெண்டு நாளா வெள்ளையும் ஜாஸ்தியாப் படறது. அன்னிக்கு மாதிரியே இருக்குப்பா.”

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஐந்து வருஷத்தில் அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியது அதுதான் முதல் தடவை.

“அன்னிக்கு அளந்து நாலு சென்டிமீட்டர்னு எழுதிக் குடுத்திருக்காளே,” என்றேன். “இன்னும் அஞ்சே நாள். சீமந்தம் ஆகட்டும். மறுநாளே நானே அழைச்சுண்டு போறேன்.”

“அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது. இப்போ ஸ்கேன் அது இதுன்னு ஆரம்பிச்சா உன் மாமியார் ஏன்னு கேப்பா. டாக்டரும் கேப்பா. அறுபத்திரண்டு ஆத்துல அழைச்சாச்சு.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்ன காரணங்களில் குழந்தை எங்கேயும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை எடுக்க அம்மாவும் பெண்ணும் தி.நகருக்குப் போனார்கள். அங்கே நடந்ததைக் கோமளம்தான் எனக்குப் பிறகு சொன்னாள். கடைப் படி ஏறப்போன மாளு பாதியில் நின்றாளாம். “அம்மா, புடவை வேண்டாம். அடையாறுக்குப் போகணும். நீ வந்தா வா, இல்லைன்னா நான் தனியாப் போறேன்,” என்றாளாம். கோமளம் முப்பத்தைந்து வருஷத்தில் என்னைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு, கையைத் தட்டி ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டது.

ஆட்டோக்காரர் வண்டியை விரட்டியிருக்கிறார். கோமளம் அவர் தோளில் தட்டி, “மெதுவாப் போப்பா, பொண்ணு மாசமா இருக்கா,” என்றிருக்கிறாள்.

“இதை ஏறும்போதே சொல்றது இல்லையா, மாமி? ரோடு பூரா பள்ளமா கீது. இனிமே பாரு, தேர் மாதிரி போவுது வண்டி,” என்றாராம். பாண்டி பஜாரிலிருந்து அடையாறு வரை பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் ஹாரன் அடிக்க, அவர் ஒவ்வொருவரிடமும் தலையை வெளியே நீட்டி, “புள்ளத்தாச்சி இருக்குதுய்யா, பறந்து போ நீ,” என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். முன்பின் தெரியாத மனிதர். சொன்ன உடனே அவருக்குப் புரிந்திருக்கிறது.

பகல் ஒரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. மாளுதான். “அப்பா, டாக்டர் கைசர் ஜஹான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உள்ளேர்ந்து அளந்துட்டா. ஒன்றரைதான் இருக்கு. அவருக்கும் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன். நீங்க வரணும்னா வாங்கோ.”

போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே உட்காரவைத்தார். திரையில் ஒரு படத்தை நிறுத்திவைத்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியாத சாம்பல் நிறம். அவர் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இது குழந்தையோட தலை. இது கர்ப்பப்பை வாய். மூடின கதவு மாதிரி நேரா ஒரு கோடு தெரியணும். இங்க பாருங்க, மேல்பக்கம் திறந்து புனல் மாதிரி விரிஞ்சிருக்கு. பனிக்குடம் அதுக்குள்ள இறங்கி வந்திருக்கு. மீதி மூடியிருக்கறது ஒன்றரை சென்டிமீட்டர்.”

“அன்னிக்கு நாலு இருந்ததே,” என்றேன்.

“அன்னிக்கு நீங்க எவ்வளவு தண்ணி குடிக்க வெச்சீங்க, சார்?”

மாமியின் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது.

“நிறைஞ்ச பிளாடர் ரெண்டு பக்கமும் அழுத்தினா, திறந்த வாய்கூட மூடினது மாதிரி நீளமாக் காட்டும். அதனாலதான் உள்ளேர்ந்து பார்க்கறேன்னேன். அப்போவே குறைஞ்சிருந்ததா இல்லையான்னு இப்போ என்னால சொல்ல முடியாது. முன்னாடி ஒண்ணு வலி இல்லாம போயிருக்குன்னு தெரிஞ்சிருந்தா, பதினாலாவது வாரத்துலயே வாயில தையல் போட்டிருப்பாங்க. இது சாதாரணத் தையல் சார், கால் மணி நேர வேலை. இப்பவும் போடலாம். நாளைக்கே போடணும். நிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இது இருபத்திமூணாவது வாரம். இன்னிக்குப் பிறந்தா அந்தக் குழந்தையை நம்ம ஊர்ல யாராலயும் காப்பாத்த முடியாது.”

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. திரையை அணைத்துவிட்டு, “வெளியில உங்க மாப்பிள்ளை வந்திருக்கார்,” என்றார்.

அச்யுத் தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவன். வெயிலில் ஸ்கூட்டரில் வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாளு பெஞ்சில் சாய்ந்து படுத்திருக்க, அவன் தரையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

“மாப்பிள்ளை,” என்று ஆரம்பித்தேன்.

“ஆஸ்பத்திரியில அட்மிஷன் போட்டாச்சு, மாமா,” என்றான் அவன். குரலில் மரியாதை குறையவில்லை. “ஃபாரமெல்லாம் நானே எழுதிக்கறேன். நீங்க வெயில்ல நிக்காதீங்கோ. ஆத்துக்குப் போங்கோ.”

வீட்டுக்குப் போகவில்லை. கோட்டூர்புரம் போனேன். செய்தியை மற்றவர் வாயால் தர்மாம்பாள் மாமி கேட்கக் கூடாது என்று நினைத்தேன். மாமி கதவைத் திறந்து, உட்காருங்கோ என்றாள். நின்றுகொண்டே சொன்னேன். எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி, தேதிகளோடு சொன்னேன். மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் என்னிடம் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

“அன்னிக்கு டாக்டர் உள்ளேர்ந்து பார்க்கறேன்னப்போ நானும்தானே வேண்டாம்னேன்?”

“ஆமாம்.”

“எதனால வேண்டாம்னேன்? முதல் பிரசவம்னு நினைச்சுண்டு. தெரிஞ்சிருந்தா நானே அந்த டாக்டர் கையைப் பிடிச்சுண்டு, பாருங்கோம்மான்னு சொல்லியிருப்பேன். என் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டேளே.” மாமியின் குரல் உயரவில்லை. “என் பேரனோ பேத்தியோ, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நானும்தானே அதுக்குக் காரணம்? நீங்க பொய் சொன்னேள், சரி. அதுல என்னை எதுக்குச் சேர்த்தேள்?”

மாமி உள்ளே போய் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் பை கட்ட ஆரம்பித்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை தையல் போட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, மாளுவைத் தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி படுக்கவைத்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது. அடுத்த இரண்டு நாள் தாண்டுவதுதான் முக்கியம் என்றார் பிரசவ டாக்டர்.

அன்று மத்தியானம் நான் வீட்டில் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சீமந்தம் நின்றுபோயிற்று என்று அறுபத்திரண்டு வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். முதல் வீட்டுக்கு, “மாளுவுக்கு உடம்பு சரியில்லை,” என்றேன். போனை வைத்ததும் அருவருப்பாக இருந்தது. மறுபடி ஒரு காமாலை. இனி பொய் கிடையாது என்று தீர்மானித்தேன். நான் செய்த தப்பை நானே, என் வாயால், ஒருவர் விடாமல் சொல்லிவிடுவது. எனக்கு அதுதான் பிராயச்சித்தம். அந்த முதல் வீட்டுக்கே திரும்பப் போன் செய்தேன்.

“மாளுவுக்கு இது முதல் இல்லை. அஞ்சு வருஷம் முன்னாடி ஒண்ணு போயிருக்கு. நான் மறைச்சேன். அதனாலதான் இப்போ இந்த நிலைமை.”

ஒவ்வொரு வீட்டுக்கும் இதே நாலு வாக்கியம். என் அத்தை பெண்ணான மந்தைவெளி அத்தங்காள், “ஐயோ பாவமே, குழந்தை எப்படித் தவிக்கறதோ,” என்றாள். ஹைகோர்ட்டில் என்னோடு இருந்த ஒருவர், “இந்த வயசுல இதை ஒத்துக்க ஒரு தைரியம் வேணும் சார். உங்களை மாதிரி யாருக்கு வரும்?” என்றார். அதைக் கேட்டபோது என் முதுகு நிமிர்ந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாம்பலத்தில் இருந்த என் அண்ணா மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏண்டா ஜம்பு, இது போன்ல சொல்ற விஷயமாடா? அவ கிட்ட கேட்டியோ?” என்றார். அண்ணாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு பெயர்களும் முடிந்தன. தொண்டை கட்டிவிட்டது. மனசு லேசாக இருந்தது. கோமளத்திடம் காபி கேட்டுக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

நான் போவதற்கு முன்பே மந்தைவெளி அத்தங்காள் வந்துவிட்டாள். அறைக்கு வெளியிலேயே அவள் குரல் கேட்டது.

“எனக்கு அப்போவே சந்தேகம்டி மாளு. காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணுமே, இவளுக்கு வெளுத்துன்னா இருக்குன்னு நினைச்சேன். அது எத்தனை மாசம்? முகமெல்லாம் தெரிஞ்சுதா? போகட்டும், போனதை நினைச்சு மனசைப் போட்டு அலட்டிக்காதே. எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்து, இனிமே உனக்கும் பாரம் இல்லை.”

நான் உள்ளே போனேன். அத்தங்காள் என்னைப் பார்த்ததும் எழுந்து, ஆறுதலாக என் கையைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். மாளுவின் தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் இருந்தது. அந்த நிலையில் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றிப் பக்கம் ஓடிக் காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் அசையவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

“எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிட்டேன்மா,” என்றேன். “ஒருத்தர் பாக்கி இல்லை. இனிமே நீ தலை குனிய வேண்டாம். தப்பு என்னோடதுன்னுதான் சொன்னேன்.”

“என்னைக் கேட்டேளா?”

நான் நின்றேன்.

“டாக்டருக்குத் தெரியணும்னு நினைச்சேன். அவருக்குத் தெரியணும்னு நினைச்சேன். அம்மாவுக்கு முன்னாடியே தெரியும். மாமியாருக்கும் தெரியட்டும். அவ்வளவுதான். அந்த நாலு பேரும் போதும்னு நேத்து நாங்க பேசி வெச்சுண்டோம். இப்போ மந்தைவெளி அத்தை வந்து முகம் தெரிஞ்சுதான்னு கேக்கறா.” மூச்சு வாங்கியது. “அது என்னோடதுப்பா. மறைச்சப்போவும் என்னைக் கேக்கலை. சொன்னப்போவும் கேக்கலை.”

மூலையில் நின்றிருந்த நர்ஸ் ஆரோக்கியமேரி முன்னால் வந்து, “ஐயா, இவங்க அழக் கூடாது. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள். என்னை அப்படி வெளியே போகச் சொன்னவர்கள் என் வாழ்நாளில் கிடையாது. போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டாக்டர் கைசர் ஜஹான் ஆஸ்பத்திரிக்கே வந்து, உள்ளிருந்து அளந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில் அறைக்குள் தர்மாம்பாள் மாமி இருப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு. அச்யுத் இருப்பான். கோமளம் இருப்பாள். நான் தாழ்வாரத்து பெஞ்சில் இருப்பேன். முதல் வெள்ளி ஒன்று புள்ளி மூன்று. அடுத்ததும் அதேதான். ஆகஸ்டில் ஒன்று. எண்ணை எனக்கு யாரும் வந்து சொல்வதில்லை. எல்லோரும் போன பிறகு கோமளம் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். நான் ஒருநாளும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் போனார்கள், வந்தார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். ஹைகோர்ட்டுக்காரர் சொன்ன தைரியம் அங்கே எங்கேயும் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆவணி கடைசியில், முப்பத்திரண்டாவது வாரம், பனிக்குடம் உடைந்தது. தையலை வெட்டி எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ அறுநூறு கிராம். மூச்சு விட முதல் நாலு நாள் மெஷின் வேண்டியிருந்தது. இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிழைத்தது. “ரெண்டு மாசம் பிடிச்சு நிறுத்தியிருக்கா உங்க பொண்ணு, அசையாம படுத்து,” என்றார் டாக்டர் கைசர் ஜஹான், தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போகும்போது. எனக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. ஆனாலும் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பிரசவத்துக்குப் பெண் அப்பா வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். மாளு கோட்டூர்புரத்துக்கே போனாள். அவளுக்காக நான் வெள்ளையடித்து வைத்திருந்த அறை அப்படியே கிடந்தது. கோமளம் தினமும் காலையில் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டிருந்தது. கோமளம் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். கோட்டூர்புரத்தில் அவள் நேராக உள்ளே போய்விட்டாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாளு கட்டிலில் உட்கார்ந்து மடியில் எதையோ ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் துணியும் ஒரு கையளவு கறுப்பு முடியும் மட்டும் தெரிந்தது.

“மாளு,” என்றேன். “நான் உள்ளே வரலாமா?”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை என்னிடமிருந்து அவள் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வது என்று நிஜமாகவே யோசித்தாள்.

“இப்போதான் தூங்கறதுப்பா,” என்றாள். “இன்னிக்கு வேண்டாம்.”

“சரி,” என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், அடுத்த தடவை எப்போது வரலாம் என்று கேட்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.